சிறுவர்களுக்கு எட்டாத இடத்தில்

கடந்த செவ்வாய்க்கிழமை என் முகத்தை இரண்டரை அடி அளவில் பார்த்தேன். பார்த்த நிமிடத்தில் ஏறிய கோபம், இதை எழுதும் ஞாயிற்றுக்கிழமை வரை இறங்கவில்லை. பிரஷர் மாத்திரையை வேளை தவறாமல் போட்டும்தான்.

முகம் இருந்தது ஒரு பெனரில். பெனர் தொங்கியது ஓர் ஆரம்பப் பாடசாலையின் இரண்டாம் தர வகுப்பறையில். 'வாசிப்பை நேசிப்போம்' என்று மேலே கொட்டை எழுத்து. அதன் கீழே நான். பக்கத்தில் என் பெயர், பெயருக்கு முன்னால் நானே கேள்விப்படாத இரண்டு பட்டங்கள். மொத்தம் பத்தொன்பது சொற்கள். அதில் பதினொன்று என்னைப் பற்றியவை.

பெனரோடு எனக்குக் கோபமில்லை. அதற்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துத்தான் கோபம்.

வாராவாரம் இந்தப் பத்தியில் என்னைச் சகித்துக்கொள்பவர்களுக்கு அந்தச் சுவர் ஞாபகம் இருக்கலாம். மறந்தவர்களுக்காக மீண்டும் சொல்கிறேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் வாவிக்கு அக்கரையில், படுவான்கரைப் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். முதலில் பஸ். பிறகு வாவியைக் கடக்கப் 'பாதை' — ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு ஆமை வேகத்தில் நகரும் அந்த மிதவை. பிறகு ஓர் ஓட்டோ. ஓட்டோவின் டயர் காற்றுப் போய் நின்ற இடத்தில் ஒரு பாடசாலை. தண்ணீர் கேட்டு உள்ளே போனவன் ஒன்றரை மணித்தியாலம் வெளியே வரவில்லை.

காரணம் ஒரு ரீச்சர். ரஜனி என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரையும் ஊரின் பெயரையும் போன தடவை எழுதினேன். இந்தத் தடவை எழுத மாட்டேன்.

அவருடைய வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள். பின்சுவர் முழுவதும், தரையிலிருந்து பிள்ளைகளின் கை எட்டும் உயரம் வரைக்கும், துண்டுக் காகிதங்கள். கோதுமை மாப் பசையால் ஒட்டியவை. பஸ் ரிக்கெட், சவர்க்கார உறை, விதைநெல் பையின் சீட்டு, அம்மன் கோயில் சடங்கு நோட்டீஸ், தேவாலயத்தின் ஆராதனை ஒழுங்கு, கலியாணக் காட், வலைநூல் கட்டின் லேபல்... எண்ணினேன். இருநூற்றுப் பதினான்கு.

சட்டம் ஒன்றே ஒன்று. எழுத்துள்ள எதையும் வீட்டிலிருந்து கொண்டுவரலாம். ஆனால், கொண்டுவந்த பிள்ளை அதை எல்லோருக்கும் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் பசை. வாசிக்க முடியாவிட்டால் வீட்டுக்குக் கொண்டுபோய், யாரிடமாவது கேட்டுப் படித்துவிட்டு மறுநாள் வரவேண்டும்.

அந்தப் பாடசாலைக்கு நூலகம் கிடையாது. ஒரு புத்தக அலுமாரி உண்டு. அது அதிபரின் அறையில், பூட்டோடு. அதற்காகப் பிள்ளைகள் சும்மா இருந்தார்களா? ஊரில் உள்ள எழுத்தையெல்லாம் உரித்துக் கொண்டுவந்து ஒட்டி வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி ஷரோன். (இதுவும் நான் வைத்த பெயர்.) தகப்பன் வாவியில் இறால் பிடிப்பவர். முதலாம் தரம் முழுவதும் வாயே திறக்காத பிள்ளை என்று ரீச்சர் சொன்னார். அவள் என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தன்னுடைய துண்டைக் காட்டினாள். இரவில் கொளுத்தும் நுளம்புச் சுருள் பெட்டியின் ஒரு பக்கம். எழுத்தெழுத்தாக விரல் வைத்து வாசித்தாள். 'சிறுவர்களுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.'

வாசித்து முடித்து என்னைப் பார்த்தாள். "எனக்கு எட்டிட்டுது சேர்."

அந்த வாரமே இங்கே எழுதினேன். புகழ்ந்து எழுதினேன். நான் யாரையும் புகழ்வது வருடத்துக்கு ஒன்று, இரண்டு. அதுதான் நான் செய்த பிழை.

எழுதினால் என்ன நடக்கும்? வாசிப்பார்கள். அதிகாரிகளும் வாசிப்பார்கள். இப்படியும் ஒரு பாடசாலையா என்று பெருமைப்படுவார்கள். வாசிப்பு மாத விழாவை அங்கேயே நடத்துவோம் என்பார்கள். பிரதம விருந்தினர்? எழுதிய மனிதரையே கூப்பிடுவோம்... கூப்பிட்டார்கள். நானும், வெட்கத்தோடு சொல்கிறேன், சலவை வேட்டியும் நான்கு பக்கப் பேச்சுமாகப் போய் இறங்கினேன்.

வகுப்பறைக்குள் நுழைந்தால், சுவர் இளமஞ்சளாக இருந்தது. புத்தம் புதுப் பெயின்ற். ஒரு துண்டு இல்லை. பசை இருந்த தடம்கூட இல்லை. தரையிலிருந்து ஏழடிக்கு மேலே நான் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தேன்.

அதிபரைக் கேட்டேன். மோசமான மனிதரல்ல. ஓய்வுபெற எட்டு மாதம் இருக்கிறது. மேலிடத்தில் சொன்னார்கள் என்றார். பெற்றோர் சங்கத் தலைவரைக் கேட்டேன். ஊராரைக் கூட்டிச் சிரமதானம் வைத்து ஒரே நாளில் அடித்து முடித்ததைப் பெருமையாகச் சொல்லிவிட்டு, மேலிடத்தில் சொன்னார்கள் என்றார். வந்திருந்த அதிகாரியைக் கேட்டேன். பெரியவர்கள் வரும் நாளில் சுவர் குப்பையாக இருக்கக்கூடாது என்று அவருக்கும் மேலே சொன்னார்களாம். மூன்று பேரும் மேலே கை காட்டினார்கள். நானும் அண்ணாந்து பார்த்தேன். ஒரு மின்விசிறி இருந்தது. அதுவும் சுற்றவில்லை.

விழா தொடங்கியது. விருந்தினர்களுக்குப் பந்தல், பிள்ளைகளுக்கு வெயில். இரண்டு மணித்தியாலம், பத்து நிமிடம். எனக்கு முன்னால் ஆறு பேர் பேசினார்கள். 'வாசிப்பு' என்ற சொல்லை ஐம்பத்தெட்டுத் தடவை சொன்னார்கள். அதற்கு மேல் எண்ண எனக்குப் பொறுமை இல்லை. எத்தனை பிள்ளைகள் வாசித்தார்கள்? ஒருவருமில்லை. வாசிப்பின் பயன்கள் பற்றி ஒரு பிள்ளை பேசியது — பாடமாக்கி. எனக்கு ஒரு புத்தகம் தந்தார்கள். செலபேனில் சுற்றி ரிபன் கட்டிய புத்தகம். படம் எடுக்கும் வரை பிரிக்க வேண்டாம் என்று காதில் சொன்னார்கள்.

என் முறை வந்தது. நான்கு பக்கத்தையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். மைக்கில் ஒரு கேள்விதான் கேட்டேன்.

"இரண்டாம் தரத்துச் சுவரில இருந்ததெல்லாம் எங்க?"

அதிபர் இருமினார். அதிகாரி போனைப் பார்த்தார். தலைவர் பந்தல் கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தார். வெயிலில் இருந்த வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழும்பியது. ஷரோன்.

"எரிச்சுப் போட்டாங்க சேர். கிணத்தடியில."

"ஏன் எரிச்சாங்க?"

"நீங்க வாறீங்க எண்டுதான்."

அவ்வளவுதான். கேட்டதற்குப் பதில் சொன்னாள். அழவில்லை, யாரையும் குற்றம் சொல்லவுமில்லை. சொல்லிவிட்டு இருந்துவிட்டாள். நானும் போய்க் கதிரையில் இருந்துவிட்டேன். எழுபத்துநான்கு வயதில் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். இத்தனை சுருக்கமாகப் பேசியது இதுதான் முதல் தடவை. கைதட்டல் இல்லை.

நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. ஒன்று நல்லதென்று தெரிந்த உடனே அதைக் கொண்டாட வேண்டும். கொண்டாடுவதென்றால் கூட்ட வேண்டும், துடைக்க வேண்டும், பெயின்ற் அடிக்க வேண்டும். அந்தத் துடைப்பில் முதலாவதாகப் போவது எது? எதைக் கொண்டாட வந்தோமோ, அது! இருபத்தாறு பிள்ளைகள் மாதக்கணக்கில் வாசித்ததை எரித்துவிட்டு, வாசியுங்கள் என்று அவர்களுக்கே ஆறு பேர் புத்தி சொல்கிறோம்.

விழா முடிந்ததும் வகுப்பறைக்குப் போனேன். ரஜனி ரீச்சர் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்ன சேர் செய்யிற..." என்றபடி அடுத்த கதிரையை எடுத்தார். சுவரில் ஒரு வருடத்துக்கு எதையும் ஒட்டக்கூடாது என்று கடிதமே வந்திருக்கிறதாம். அப்படியானால் அந்தப் பெனரையாவது கழற்றுங்கள் என்று சத்தம் போட்டேன். அதுவும் முடியாது. மாதம் முடியும் வரை அது வகுப்பறையில் இருக்க வேண்டும் என்று அதே கடிதத்தில் இருக்கிறது.

ஒரு வருடம்! தை பிறந்தால் ஷரோன் வேறு வகுப்பறையில் இருப்பாள். சுவருக்குப் பெயின்ற் அடித்த இரண்டு வாரமாக அவள் ஒன்றுமே கொண்டுவரவில்லை என்றார் ரீச்சர். "ஒட்ட இடமில்லாட்டி மறுகா ஏன் வாசிக்கிற?" என்று கேட்டிருக்கிறாள். வாய் திறந்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளை. திரும்ப மூடிக்கொள்ள எத்தனை நாள் வேண்டும்?

அவள் கதவடியில் நின்றுகொண்டிருந்தாள். அண்ணாந்து பெனரை வாசித்துக்கொண்டிருந்தாள். என் பட்டங்களில் கொஞ்சம் தடுமாறினாள், நியாயம்தான். பத்தொன்பது சொற்களையும் வாசித்துவிட்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாள். மஞ்சள் பெயின்ற்.

"முடிஞ்சிட்டுது," என்றாள்.

நுளம்புச் சுருள் பெட்டி வீட்டில் வேறு இல்லையா என்று கேட்டேன். இருக்கிறதாம். ஆனால் உள்ளே இன்னும் மூன்று சுருள் மிச்சமாம். முடிந்தால்தான் அம்மா பெட்டியைத் தருவாவாம். "தந்தாலும் எங்க சேர் ஒட்டுற?" என்றாள்.

 'பாதை'யில் திரும்பி வரும்போது செலபேனைக் கிழித்துப் பார்த்தேன், வியாபாரத்தில் வெற்றி பெறுவது எப்படி என்று ஒரு புத்தகம். பக்கத்தில் மீன்பெட்டியோடு நின்றவருக்குக் கொடுத்துவிட்டேன்.

நேற்றுக் காலை ரஜனி ரீச்சர் போன் எடுத்தார்.

"சேர், கோவிக்கப்படாது."

கோபிக்கக்கூடாது என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே வந்துவிடும். என்ன விஷயம் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை ஷரோன் வெறும் சுருள் பெட்டியோடு வந்திருக்கிறாள். செவ்வாய், புதன், வியாழன் — மூன்று இரவு, மூன்று சுருள். கணக்குச் சரி. வகுப்புக்கு வாசித்துக் காட்டினாள். எங்கே ஒட்டுவது? ரீச்சர் என்ன செய்தார் தெரியுமா? மேலிடத்துக் கடிதத்தின் பிரதியைப் பிள்ளைகளிடமே வாசிக்கக் கொடுத்துவிட்டார். இருபத்தாறு பேரும் கூடி, எழுத்துக் கூட்டி, ஒரு பாட நேரம் முழுவதும் வாசித்திருக்கிறார்கள். சுவரில் ஒட்டக்கூடாது என்று இருக்கிறது. பெனரைக் கழற்றக்கூடாது என்று இருக்கிறது. பெனரில் ஒட்டக்கூடாது என்று? எங்குமே இல்லை. முதலில் கையை உயர்த்தியது ஷரோன்தானாம்.

"உங்கட முகத்துக்கு மேல ஒட்ட மனம் வரல்ல சேர். அதால பெனர மற்றப் பக்கம் திருப்பிப் போட்டம். பின்பக்கம் நல்ல வெள்ளையா இரிக்கி. கொஞ்சம் பதிச்சும் கட்டின, புள்ளைகளுக்கு எட்ட வேணுமே."

எத்தனை துண்டு என்று கேட்டேன். ஒரே நாளில் ஒன்பது. பத்தாவது அந்தக் கடிதம். வாசித்துக் காட்டிவிட்டார்களே, சட்டப்படி ஒட்டலாம்தானே?

இதையும் மேலிடத்தில் வாசிப்பார்கள் என்று தெரியும். நன்றாக வாசிக்கட்டும். ரீச்சரிடம் விளக்கம் கேட்க வேண்டாம். பெனரில் இருப்பது என் முகம். அதைத் திருப்பிப் போட அனுமதி தந்தவன் நான். மாதம் முடிந்த பிறகும் திருப்பக்கூடாது என்று சொன்னவனும் நான்தான்.

வகுப்பில் குழப்படி செய்தவனைச் சுவரைப் பார்த்துத்தானே நிறுத்துவார்கள்... நிற்கிறேன்.