பித்தளைக்குத் திறக்காத கை

வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு ஆலிவ் எண்ணெய் விட்டு, நிகார் அம்மாவின் மூடிய வலது கையை அந்தக் கிண்ணத்துக்குள் அமிழ்த்தி, மணிக்கட்டைக் கீழ்நோக்கி மடக்கிப் பிடித்திருந்தாள் ஹஜர். மணிக்கட்டு மடங்கினால் விரல்கள் தாமாக நெகிழும். பராமரிப்புப் பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக் கொடுத்தது அது. இதுவரை எல்லோரிடமும் பலித்திருக்கிறது. இவரிடம் மட்டும் ஏழு நாளாகப் பலிக்கவில்லை. சுண்டுவிரல் பக்கமாகத் தன் கட்டைவிரலை நுழைக்கப் பார்த்தாள். பிடி இன்னும் இறுகியது.

"விடு," என்றார் நிகார் அம்மா, சன்னலைப் பார்த்தபடியே. "எனக்கு வெட்கமா இருக்கு."

"கை கழுவுறதுல என்ன வெட்கம்?"

ஏழு நாளாக இதே பேச்சுதான். ஹஜர் கையைத் துண்டில் ஒற்றி எடுத்தபோது வாடை வந்தது. நேற்று இல்லாத வாடை. நகங்கள் உள்ளங்கையில் பதிந்து தோல் கிழிந்திருக்கிறது என்பதை அவள் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

கீழே தெருவில் மறுபடி முரசு தொடங்கியது. போன சனிக்கிழமையிலிருந்து துருக்கியின் பூர்ஸா நகரம் முழுக்கக் கொண்டாட்டம். ஒன்பது நாள். 'நம் கலை, நம் வரலாறு, நம் பண்பாடு' என்று எழுதிய பதாகை ஒன்றை மாநகராட்சி ஆட்கள் நேராக இவர்கள் பால்கனிக்கு எதிரே கட்டிவிட்டுப் போனார்கள். அதனால் துணி காய்வதில்லை. மேட்டுத் தெருவில் வண்டி விடுவதை நிறுத்திவிட்டதால் சந்தையிலிருந்து பைகளைச் சுமந்து நடந்தே ஏற வேண்டியிருந்தது. ஒட்டு மீசைக்காரர்களின் முரசுப் படை காலையும் மாலையும் சன்னலுக்குக் கீழே நின்று முழங்கிவிட்டுப் போகும். ஒவ்வொரு முழக்கத்துக்கும் நிகார் அம்மா எழுந்து உட்காருவார், அவரைப் படுக்க வைக்க அரைமணி நேரம் ஆகும். வலது கை மூடியிருப்பதால் சோறும் சூப்பும் ஊட்டிவிட வேண்டும். ஹஜருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதில் பல்கேரியாவிலிருந்து எல்லை தாண்டி வந்தவள். அன்று அவளிடம் இருந்தவை ஒரு பெட்டி, ஒரு கணவர், சல்வார் விளிம்பில் வைத்துத் தைத்த ஒரு தங்கக்காசு. இங்கே துண்டு நெசவு ஆலையில் பதினெட்டு வருடம் நின்றுகொண்டே வேலை செய்தாள். முழங்கால் போனதும் பராமரிப்புப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கினாள். கணவர் கட்டட வேலையில் விழுந்து இறந்தார். இதுவரை ஆறு முதியவர்களைப் பார்த்துக்கொண்டாள், ஐந்து பேரை இறந்தபின் கடைசியாகக் கழுவவும் செய்தாள். ஏழாவது ஆள் நிகார் அம்மா, எண்பத்தொரு வயது, நினைவு கலங்கியவர். முப்பத்தொரு வருடம் தபால் நிலையத்தில் பார்சல் பிரிவில் இருந்தவர். தராசில் வைப்பதற்கு முன்பே கையில் தூக்கிப் பார்த்து எடை சொல்லிவிடுவாராம். மகன் அங்காராவிலிருந்து தினமும் போன் செய்வான். அவர் அவனைக் கிளை மேலாளர் என்று நினைத்துப் பேசுவார்.

பதினொரு மணிக்கு வீட்டுச் சிகிச்சைக்கு வரும் நர்ஸ் அய்தென் மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

"வேலை லேசாகட்டும், ஹஜர் அக்கா."

"எங்க லேசாகுது. வந்து நீயே பாரு."

அய்தென் முகர்ந்து பார்த்தாள். தொட்டாள். நிகார் அம்மா கையை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

"நரம்புல குறையில்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். இவங்களா மூடிக்கிறாங்க," என்றாள் அய்தென். "நாளைக் காலைல பத்து மணிக்கு வர்றேன். அதுக்குள்ள திறந்தா நல்லது. இல்லைன்னா ஆஸ்பத்திரிதான், மயக்க ஊசி போட்டுத்தான் பிரிக்கணும். சீழ் மேல ஏறிடும் அக்கா."

"இவங்க இதயத்துக்கு மயக்க ஊசியா? எழுந்திருப்பாங்களா?"

அய்தென் பையை மூடினாள். "அதான் உங்ககிட்ட சொல்றேன்."

அதன்பின் ஹஜர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். லோகூம் மிட்டாயைக் கையருகே நீட்டினாள். இடது கை வாங்கிக்கொண்டது. விரலிடுக்கில் பஞ்சால் வருடினாள். மகனைப் போனில் கூப்பிட்டுக் கெஞ்ச வைத்தாள். "விண்ணப்பம் எழுதிக் கொடுங்க, பார்க்கலாம்," என்றார் நிகார் அம்மா. மூன்று மணிக்கு ஹஜர் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, ஆறிப்போன தேநீரைக் குடித்தாள். அழவில்லை. மருத்துவமனைக்கு எடுத்துப்போக வேண்டியவற்றை மனதுக்குள் அடுக்கினாள்: இரவு உடை, பல்செட் டப்பா, மாத்திரைச் சீட்டு.

அப்போதுதான் மாடி வீட்டு மெலாஹத் கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்தாள். ஊதா வெல்வெட்டில் பொன் சரிகை போட்ட நீள அங்கி, நெற்றியில் வரிசையாகக் காசுகள், தோளில் சிவப்பு முக்காடு.

"ஊக்கு இருக்கா ஹஜர்? இந்த அங்கி ஒல்லிக்குச்சி மாமியாருக்குத் தச்சது போல. மூச்சு விட்டா தெறிச்சிடும்."

"நீ எதுக்கு மூச்சு விடுற? பேசுறதை நிறுத்து, போதும்."

"அஞ்சு மணிக்குப் பட்டுச் சந்தை முற்றத்துல மருதாணிச் சடங்கு காட்டுறோம். நான்தான் மாமியார். மேயர் கூட வர்றாராம்."

ஊக்கு எடுக்க ஹஜர் உள்ளறைக்குப் போனாள். மெலாஹத்தும் பின்னாலேயே வந்தாள். அவளைக் கண்டதும் நிகார் அம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலையைத் தாழ்த்தி, கட்டிலில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பிறகு, மூடிய வலது கையை மெதுவாக மெலாஹத் பக்கம் நீட்டினார்.

மெலாஹத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேடையில் சொல்ல ஒரு வாரமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்த வரி வாயில் தானாக வந்தது. "பொண்ணு கையைத் திறக்க மாட்டேங்குதே. மாமியார் எங்க, தங்கம் எங்க?"

துண்டுக்குள் தலை பலமாக ஆடியது, ஆமாம் என்று.

கையில் ஊக்கு டப்பாவோடு ஹஜர் அப்படியே நின்றாள். போன சனிக்கிழமை ஊர்வலம். குதிரையில் சிவப்பு முக்காடு போட்ட மணப்பெண். அதைக் காட்டத்தான் ஹஜரே நிகார் அம்மாவைச் சன்னலோரம் உட்கார வைத்தாள். அன்று மாலை சாப்பாட்டிலிருந்துதான் கை மூடியது. ஏழு நாளாக இவர் மணப்பெண்ணாக மாமியாருக்குக் காத்திருக்க, தான் எண்ணெய்யும் வெந்நீருமாக மல்லுக்கட்டியிருக்கிறோம் என்று நினைத்தபோது ஹஜருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. மாமியார் தங்கம் வைக்கும்வரை மருதாணிக்குக் கையைத் திறக்காமல் ஒரு காலத்தில் அவளும் உட்கார்ந்திருந்தவள்தானே.

"மெலாஹத், மேடைக்குன்னு ஒரு காசு வச்சிருக்கியே, அதை வை. மாமியார் மாதிரி வை."

"இப்பவா?"

"இப்பவேதான். விளையாட்டு இல்ல இது."

மெலாஹத் கட்டிலருகே குனிந்து, தன் காசை முஷ்டியின் மேல் வைத்தாள். இரண்டு விரல்கள் திறந்தன. காசு உள்ளே போனது. கை லேசாக மேலும் கீழும் அசைந்தது, பார்சல் தூக்கிப் பார்ப்பது போல.

"பித்தளை," என்றார் நிகார் அம்மா. காசு தரையில் விழுந்து உருண்டது. கை மூடிக்கொண்டது. "எங்க வீட்டுல யாருமில்லைன்னு நினைச்சீங்களா?"

"அடேயப்பா, என் சொந்த மாமியாரே இவ்வளவு படுத்தல," என்றாள் மெலாஹத்.

ஹஜர் தன் அறைக்குப் போய் அலமாரியின் அடித்தட்டிலிருந்து வெள்ளைத் துணிப் பொதியை எடுத்தாள். தன்னைப் புதைக்க வேண்டிய துணி. அடக்கச் செலவுக்கு யாருக்கும் பாரமாகக் கூடாது என்று அதற்குள்ளேயே அந்தத் தங்கக்காசையும் முடிந்து வைத்திருந்தாள். கல்யாணத்துக்கு முந்தின இரவு மருதாணி வைப்பதற்கும் துருக்கிப் பெயருக்கும் தடை இருந்த பல்கேரிய ஊரில், சன்னல் திரையை இழுத்துவிட்டு அவள் மாமியார் அவள் கையில் வைத்த காசு அது. முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

வரும் வழியில் உப்பு நீர்ப் புட்டி, காஸ் துணி, அயோடின் களிம்பு மூன்றையும் தட்டில் எடுத்துக்கொண்டாள். களிம்பு மருதாணி நிறத்திலேயே இருந்தது.

"நீயே குடு. மாமியார்தான் குடுக்கணும்," என்று காசை மெலாஹத்திடம் கொடுத்தாள். "நான் கழுவுற வரைக்கும் பாடிக்கிட்டே இரு. நிறுத்தாதே."

"என்னத்தைப் பாட?"

"எதையாவது. பொண்ணை அழ வைக்கிற மாதிரி."

மெலாஹத் காசை வைத்தாள். கை அதைத் தூக்கிப் பார்த்தது. ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு ஐந்து விரல்களும் திறந்தன.

உள்ளங்கையில் நான்கு பிறை வெட்டுகள், இரண்டில் சீழ். ஹஜர் காசை ஓரமாக நகர்த்தினாள், உப்பு நீரை ஊற்றினாள், துடைத்தாள். மெலாஹத்தின் குரல் கரகரவென்று கட்டிலைச் சுற்றியது.

"மருதாணி எரியுதே," என்றார் நிகார் அம்மா.

"நல்லா சிவக்கும்மா. பொறுங்க."

களிம்பைத் தடவி, காஸ் துணியை மடித்து வைத்து, அதன்மேல் காசை வைப்பதற்குள் விரல்கள் மூடத் தொடங்கிவிட்டன. நகம் வெட்ட நேரம் கிடைக்கவில்லை. ஆனால் நகத்துக்கும் தோலுக்கும் நடுவே இப்போது துணி இருந்தது. மெலாஹத்தின் முக்காட்டிலிருந்து ஒரு முழம் கத்தரித்து, மருதாணிக் கையைக் கட்டுவது போலவே சுற்றிக் கட்டினாள் ஹஜர்.

"என் முக்காடு!"

"மேயர் உன் தலையையா பார்க்கப் போறார்?"

நிகார் அம்மா துண்டுக்குள் கொஞ்ச நேரம் முறைப்படி அழுதார். பிறகு தூங்கிவிட்டார். மெலாஹத் தரையில் தேடிப் பித்தளைக் காசை எடுத்துக்கொண்டு ஓடினாள். மேடையில் மணப்பெண்ணாக நடித்த கல்லூரிப் பெண் அந்தப் பித்தளைக்கே கையைத் திறந்துவிட்டதாக ஏழு மணிக்கு வந்து குறைப்பட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஹஜர் கிண்ணமும் நகவெட்டியுமாகக் கட்டிலருகே போனாள். நிகார் அம்மா தாமாகவே கட்டுப் போட்ட கையை நீட்டினார். மருதாணிக் கட்டை அவிழ்ப்பது காலையில்தான். சிவப்புத் துணியை அவிழ்த்ததும் விரல்கள் பிரிந்தன. ஹஜர் ஐந்து நகங்களையும் ஒட்ட வெட்டினாள், உள்ளங்கையைக் கழுவிப் புதுக் களிம்பு போட்டாள்.

"சிவந்திருக்கா?"

"சிவந்திருக்கும்மா."

பத்து மணிக்கு அய்தென் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி வேண்டாம், தினமும் கட்டு மாற்றினால் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஹஜர் தங்கக்காசைச் சோப்பு போட்டுக் கழுவி, வெந்நீரில் போட்டு எடுத்துத் துடைத்தாள். வெள்ளைத் துணிப் பொதிக்குள் அதைத் திரும்ப முடிந்து வைக்கவில்லை. ஏப்ரன் பையில் போட்டு, ஊக்கு குத்தினாள். கொண்டாட்டம் இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, முரசு வந்தால் மறுபடி கையை மூடிக்கொண்டு தங்கத்துக்குக் காத்திருப்பார். பிறகு போய்ச் சன்னலைச் சாத்தினாள்.