அமாவாசை மழை

சாராளும் நானும் சென்னையில் ஒரே பேராசிரியரிடம் பருவநிலை ஆராய்ச்சி செய்தோம். நான் டாக்டர் பட்டம் வாங்கினேன், அவள் வாங்கவில்லை. அதற்குக் காரணம் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் என்றால், காதில் பூ சுற்றுகிறாயா என்று கேட்கிறார்கள்.

அவள் ஊர் திருக்கழுக்குன்றத்திலிருந்து கல்பாக்கம் போகிற வழியில், உள்ளே தள்ளி இருந்தது. அம்மா பாப்பா நடவுக்கும் களையெடுக்கவும் கூலிக்குப் போய் மகளைப் படிக்க வைத்தாள். ஏரிக்கரையில் அரசாங்கம் ஒரு மழைமானி வைத்திருந்தது. சிமெண்டு மேடை, அதன்மேல் வாய் திறந்த செம்பு உருளை, உள்ளே ஒரு பாட்டில். காவலாளி எல்லப்பன் தினமும் காலை எட்டரைக்குப் பாட்டிலில் இருப்பதை அளந்து நோட்டில் எழுதுவார்.

அந்த நோட்டின் ஐந்து வருடப் பதிவுதான் சாராளின் ஆராய்ச்சி. கொளுத்தும் கோடையிலும் அமாவாசைக்கு அமாவாசை அங்கே இருபத்தைந்து, முப்பது மில்லிமீட்டர் மழை விழுந்திருந்தது. நிலவு, கடல் ஏற்றம், கரைக்காற்று மூன்றையும் முடிச்சுப் போட்டு நூற்றைம்பது பக்கம் எழுதினாள். பேராசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆராய்ச்சி முடிந்ததும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் அவளுக்கு இடம் என்றார். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன்?

1974இல் மழை பொய்த்தது. வறட்சி நிவாரணமாக ஏரியைத் தூர் வாரும் வேலையாவது கொடுங்கள் என்று ஊரார் மனுக் கொடுத்தார்கள். உங்கள் ஊரில் போதுமான மழை பதிவாகியிருக்கிறது என்று பதில் வந்தது.

சாராள் விடுதியில் இருந்தவள், கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான் ஊருக்குப் போவாள். மற்ற மாதத்து மழையை நோட்டில்தான் பார்த்திருந்தாள். அந்த வருடம் பாப்பா ஆள் அனுப்பி வரவழைத்தாள்.

"மழை பேஞ்சிதுன்னு எழுதிகீறாங்களாம். நீயும் அத்தத்தானே படிக்கிற? எங்கடி பேஞ்சுது? பாதி சனம் கஞ்சிக்கே வழியில்லாம கீது."

மறுநாள் அமாவாசை. சாராள் விடிந்ததும் மழைமானிக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். ஆறரை மணிக்கு வேண்டா என்கிற பெண் வந்தாள், சாராளோடு பள்ளிக்கூடம் போனவளின் அக்கா. குளித்த ஈரத்தலையோடு, கையில் சொம்பு. மேடையைச் சுற்றி வந்து, உருளைக்குள் மஞ்சள் தண்ணீரை ஊற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இன்னாக்கா பண்ற?"

"மழைசாமிக்கு ஊத்துறேன் சாரா. அமாவாசைக்கு ஒரு வூடுன்னு மொறை. இந்த மாசம் எங்க வூடு. கவருமெண்டே மேடை கட்டி வெச்சிகீது, சும்மாவா?"

முதல் தடவை ஊற்றிய வாரமே அடைமழை பெய்ததாம். அதற்குப் பிறகு நிறுத்த யாருக்குத் தைரியம் வரும்?

எட்டரைக்கு எல்லப்பன் அளந்தார். இருபத்தேழு.

"அண்ணாத்த, மஞ்சளா கீதே, பாக்கலியா?"

"பாட்டில்ல இருக்கறத அளந்து எழுதுன்னாங்க. எழுதுறேன். எனுக்கு இன்னாம்மா தெரியும்?"

அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. ஐந்து வருடமாக ஒரு நாள்கூட அளக்கத் தவறாத மனிதர்.

சென்னைக்குத் திரும்பியதும் சாராள் என்னிடம்தான் முதலில் சொன்னாள். நான் சொன்ன யோசனையை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. "ரெண்டு மாசம் பொறு. பட்டம் வாங்கிட்டு அப்புறம் சொல்லிக்கலாம்."

"ரெண்டு மாசம் எங்கம்மா இன்னாத்த துன்றது, மொய்தீன்?"

அன்றே கலெக்டருக்கு எழுதினாள். எந்தெந்தத் தேதியில் பதிவானது மழையல்ல என்று பட்டியல் போட்டு, இதே பதிவை நம்பித் தானும் தவறான ஆராய்ச்சி எழுதியதாகக் கையெழுத்திட்டாள். காவலாளி மேல் குற்றமில்லை என்றும் ஒரு வரி சேர்த்தாள். பேராசிரியர் அதன்பிறகு அவளோடு பேசவில்லை. மூன்று வாரத்தில் ஏரி வேலை தொடங்கியது. பாப்பா மண் சுமந்தாள். வெளிநாட்டு இடம் எனக்கு வந்தது, வாங்கிக்கொண்டேன்.

சாராளுக்கு மழைமானிகளைச் சோதிக்கும் தற்காலிக வேலை கிடைத்தது. மாமல்லபுரம் கரையோரம் முழுக்கச் சைக்கிளிலேயே சுற்றினாள். போன இடமெல்லாம் மழைமானிக்கு வேலி போட வைத்தாள். தன் ஊரில் மட்டும் வேலிக்கு வெளியே ஒரு கல்லையும் நட்டு வைத்தாள், பெண்கள் ஊற்றுவதற்கு. ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகிறவள் செய்த காரியம் இது.

அடுத்த ஆகஸ்டில் விமானம் ஏறும் முன் அவளிடம் சொல்லிக்கொள்ள அவள் ஊருக்குப் போனேன். விடியற்காலை தொடங்கிய மழை விடவில்லை. எல்லப்பன் பாட்டிலை எடுத்தார். மூன்று பேரும் தொப்பலாக நனைந்துகொண்டுதான் நின்றோம். அப்படியும் சாராள் பாட்டிலுக்குள் விரலை விட்டு, முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"எழுதிக்கோ அண்ணாத்த. மழதான்" என்றாள். அழுதுகொண்டிருந்தாள்.

என் ஆராய்ச்சிக்குப் பதினொரு மழைமானிகளின் பதிவை எடுத்திருந்தேன். ஒன்றைக்கூட நேரில் போய்ப் பார்த்ததில்லை.