செலின் அத்தையும் ஒரு பழைய கடைசல் மெஷினும்

"பாப்பா, நீ இன்னும் வீட்டுக்குப் போகலையா?" என்று டவுன் பஸ் கண்டக்டர் அண்ணன் கேட்டார். ஸ்கூல் விட்டு செண்பகனூர் போகத்தானே உங்க பஸ்ல ஏறியிருக்கேன், பறந்தா போக முடியும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் டிக்கெட் கிழிக்காமல் என் தலையில் கை வைத்துவிட்டு நகர்ந்தார். வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று அப்போதே புரிந்துவிட்டது. அன்று காலையில் அப்பாதான் செலின் அத்தையை மலையிலிருந்து கீழே திண்டுக்கல்லுக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போயிருந்தார். ரத்தம் மெஷினில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அத்தையின் நெஞ்சு நின்றுபோனது.

அத்தை என் அப்பாவின் தங்கை. மாமா இறந்த பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டவர். ஏரிப் பக்கம் ஒரு பட்டறையில் பல வருடம் கடைசல் வேலை பார்த்தார். சுழலும் மரக்கட்டையில் உளியை வைத்துப் பூரிக்கட்டையும் பம்பரமுமாகக் கடைந்தெடுக்கும் வேலை. கிட்னி போனதும் பட்டறைக்காரர், "வீட்ல ரெஸ்ட் எடும்மா" என்று அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து ஊரில் அத்தைக்கு ஒரே உத்தியோகம், நோயாளி. இதைப் படிக்கிற ஊர்க்காரர்களே, உங்களில் பாதிப் பேர் அவரை வழியில் பார்த்தால் "உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டவர்கள்தான். அக்கறையாகத்தான் கேட்டீர்கள். நீங்கள் அந்தப் பக்கம் போனதும் அத்தை என்னிடம், "உடம்ப மட்டுமாடி தூக்கிட்டு அலையுறேன்? வேற ஏதாச்சும் கேக்கக் கூடாதா?" என்பார்.

அதனால்தான் சொந்தமாக ஒரு மெஷின் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். கையில் மிச்சமிருந்த வளையல்தான் மொத்த பட்ஜெட். புதுசைப் பற்றிப் பேச்சே இல்லை, பழசுதான்.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தக் கையில பாரம் ஏத்தக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? சம்பாதிச்சு என்ன பண்ணப் போற?"

"செத்ததுக்கப்புறம் சும்மாத்தானண்ணே கெடக்கப் போறேன். இப்பவே பழகணுமா?"

அப்பா தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார்.

அந்தக் கை என்பது இடது கை. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக உள்ளே ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். தொட்டால் பூனை உறுமுவதுபோல ஓர் அதிர்வு தெரியும். நர்ஸ் ஒவ்வொரு முறையும் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "ஓடுதும்மா" என்பார். அது நின்றால் ஊசி போட வழியில்லை.

லீவு நாட்களில் நான்தான் துணைக்குப் போவேன். படுத்திருக்கும் நேரம் முழுக்க அத்தை பேசிக்கொண்டே இருப்பார். "இது டயாலிசிஸ் இல்லத்தே, டயலாக்லிசிஸ்" என்றேன் ஒருநாள். பக்கத்துக் கட்டில் தாத்தாவும் சிரித்தார். முடிந்ததும், கையில் கட்டோடு, மேலே வரும் பஸ்ஸுக்கு முன்னால் கிடைக்கும் நேரத்தில் மெஷின் பார்க்கக் கிளம்புவோம்.

முதலில் பார்த்தது திண்டுக்கல்லில், பளபளவென்று பச்சை பெயிண்ட் அடித்த ஒன்று. அத்தை கோயம்புத்தூரில் மெஷின் இன்ஸ்பெக்டர் என்று கடைக்காரர் காதில் நான் போட்டுவைத்தேன். உடனே ரெண்டு டீ வந்தது. அத்தைக்குத் தண்ணீரே அளவுதான், ரெண்டையும் நானே குடித்தேன். கடைக்காரர் பெருமையாக ஸ்விட்சைப் போட்டார்.

"நிறுத்துங்க" என்றார் அத்தை.

"ஏம்மா, இப்பத்தான போட்டேன்?"

"நிக்கிறப்பக் கேக்கணுங்க."

வேகம் குறையக் குறைய உள்ளே கரகரவென்று கேட்டது. "பேரிங் போச்சு. ஓடுறப்ப எல்லாச் சத்தமும் ஒண்ணாத்தான் கேக்கும். நிக்கிறப்பத்தான் எது கெட்டுருக்குன்னு தெரியும்" என்றார்.

"இன்ஸ்பெக்டரம்மா, டீ குடிச்சுட்டு இப்படிச் சொல்றீங்களே!"

"குடிச்சது அவ. அவகிட்டக் கேளுங்க."

வத்தலக்குண்டில் ஒன்று அருமையாக இருந்தது. ஆனால் அதன் மோட்டாருக்கு த்ரீ ஃபேஸ் வேண்டும், எங்கள் வீட்டில் இருப்பது சிங்கிள் ஃபேஸ். மோட்டாரை மாற்ற வளையல் பத்தாது. "மாப்பிள்ளை நல்லாத்தான் இருக்காரு, நம்ம வீட்டுக் கரண்டு தாங்காது" என்று அதைத் தடவிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். பஸ் ஸ்டாண்டில் தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்த்தே" என்றேன். வாயைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் உண்டுன்னு எனக்கு யாரு எழுதிக் குடுத்தா?" என்றார்.

கடைசியில் பேத்துப்பாறையில் கிடைத்தது. பொழுதுபோக்குக்கு வாங்கிய பங்களாக்காரர் ஊரைவிட்டுப் போய்விட, ஷெட்டில் மஞ்சுப் பனி குடித்துத் துருவேறிக் கிடந்தது. "எடைக்குப் போட இருந்தோங்க" என்றார் வாட்ச்மேன். அத்தை கட்டையை இருபுறமும் பிடிக்கும் இரண்டு ஊசிமுனைகளையும் நெருக்கி ஒட்டவைத்தார். ஊசியும் ஊசியும் நேராகச் சந்தித்தன. "துரு மேலாக்கத்தான் இருக்கு, தேய்ச்சா போயிரும்" என்று ஸ்விட்சைப் போட்டார். பிறகு என் உள்ளங்கையை எடுத்து முதலில் தன் இடது கையிலும், அப்புறம் மெஷின் தலையிலும் வைத்தார்.

"இங்க அதிரணும். அங்க அதிரக் கூடாது. ரெண்டும் சரியா இருக்கு. வாங்கிருவோம்."

மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் போட்டுத் துருவைத் தேய்த்தோம். டயாலிசிஸ் இல்லாத நாட்களில், மழைக்காலம் முழுக்க, வீட்டுக்குப் பின்னால் இருந்த தகர ஷெட்டில் அத்தை பேரி மரத்தில் பூரிக்கட்டை கடைந்தார். சில சாயங்காலம் கை வீங்கியிருக்கும். அப்பா அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். ஒருநாள் வில்பட்டி அக்கா ஒருத்தர் வந்து, "சொன்ன தேதிக்குச் சாமானத் தர முடியாட்டி எதுக்கு ஆர்டர் எடுக்குறீங்க?" என்று கத்திவிட்டுப் போனார். அத்தையை அன்றைக்கு இருந்த மாதிரி சந்தோஷத்தில் நான் பார்த்ததே இல்லை. "திட்டிட்டுப் போறாடி! உடம்பப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலடி!"

இறந்த மறுநாள் காலையில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடிக்க என்னைத்தான் அனுப்பினார்கள். அப்பா கொடுத்த சீட்டில், பெயருக்குக் கீழே 'நீண்டநாள் உடல்நலக் குறைவால்' என்று தொடங்கியிருந்தது. அதை எடுத்துவிடச் சொல்லிவிட்டு, 'கடைசல் பட்டறை உரிமையாளர்' என்று போடச் சொன்னேன். அப்பாவிடம் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாப்பில் அதைக் கட்டியபோது அப்பா நின்று படித்தார். சுற்றிலும் சொந்தக்காரர்கள். "யாரு போடச் சொன்னது?"

"நான்தாம்ப்பா."

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அப்பா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "செண்பகனூர்னு ஊர்ப் பேரையும் சேர்த்திருக்கலாம்ல" என்றார்.

ஃப்ளெக்ஸைக் கழற்றும்போது பெயரும் அந்த வரியும் இருந்த துண்டை மட்டும் பிளேடால் வெட்டியெடுத்து, ஷெட் கதவுக்கு மேல் ஆணி அடித்தேன். ஓரத்தில் மெழுகுவர்த்திப் படம் பாதி ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே மெஷினை இன்னும் யாரும் ஓட்டவில்லை. எனக்கு ஓட்டத் தெரியாது. மஞ்சு ஏறாமல் எண்ணெய் மட்டும் தடவி வைக்கிறேன். அத்தையிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த மெஷினும், கதவுக்கு மேலே அவருடைய உத்தியோகமும்.