தொட்டில் கட்டிய பள்ளிக்கூடம்

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தைப் பார்க்கவும் பால்கோவா வாங்கவும்தான் கிளம்பினேன். இரண்டும் ஒரே நாளில் முடிந்தது. இராஜபாளையத்தில் என் கல்லூரித் தோழி கோமதி தலைமையாசிரியை. பார்க்காமல் போனால் தொலைத்துவிடுவாள்.

மறுநாள் காலை பஸ் பிடித்தேன். பதினொரு கிலோமீட்டர்தான், அரை மணி நேரம் போதும். பள்ளியின் பெயரைச் சொன்னதும் கண்டக்டர், "தொட்டில் கெட்டுன பள்ளிக்கூடமா? மில் ஸ்டாப்புல எறங்குங்க" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன்.

கிண்டல் இல்லை. வகுப்பறைக்குப் பக்கத்து அறையில் வரிசையாக ஆறு சேலைத் தொட்டில்கள்.

"அம்மாமாருக்கு மில்லுல ஆறு மணி ஷிப்டு. கைப்பிள்ளைய மூத்த பொட்டப்பிள்ளைதான் பாத்துக்கிடணும். பொறவு அவ எங்கிட்டுப் படிக்க வர?" என்றாள் கோமதி.

ஏழைப் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்குக் கூடுதல் நிதி வந்தபோது முதலில் மாலை டியூசன்தான் வைத்தார்களாம். வரவேண்டியவர்கள் யாரும் வரவில்லை. அப்புறம்தான் தம்பி தங்கைகளையும் தூக்கிக்கொண்டு வரச் சொல்லி இந்த அறையைத் திறந்தார்கள். பார்த்துக்கொள்ளச் செல்வி என்ற அம்மாவுக்குச் சம்பளமும் அந்த நிதியிலிருந்துதான்.

"ஆசை ஆசையா இரும்புத் தொட்டில் வாங்குனோம், ஏட்டி. அம்புட்டுப் பிள்ளையும் வீறிட்டு அழுதுச்சு. அக்காமாரு பாடத்தைப் போட்டுட்டு ஓடுனாளுக. பொறவு செல்விதான், அவிய அவிய அம்மா உடுத்துன சேலையக் கொண்டாரச் சொன்னா. தறிச்சத்தத்துல வளந்த பிள்ளைக, அம்மா வாசம் இருந்தாத்தான் கண்ணசரும்."

அன்று எட்டாம் வகுப்புக்குக் கணக்குத் தேர்வு; நானும் கோமதியோடு வகுப்பின் கடைசியில் நின்றேன். மாரி என்ற பெண் இதையும் எழுதாவிட்டால் படிப்பை நிறுத்திவிடுவதாக வீட்டில் சொல்லியிருந்தார்களாம். பாதித் தேர்வில் பக்கத்து அறையில் அவள் தம்பி அழுதான். மாரி பேனாவை வைத்துவிட்டு எழுந்தே விட்டாள்.

"நீ எழுது தாயி, நான் இருக்கேன்லா" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து செல்வியின் குரல். தொட்டில் கயிறு கிறீச்சிட்டது. அழுகை மெல்ல அடங்கியது. மாரி உட்கார்ந்தாள். எத்தனையோ கோயில் பார்த்திருக்கிறேன், இப்படி மெய்சிலிர்த்ததில்லை.

நீங்களும் போவதென்றால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். தொட்டில் அறையில் படம் எடுக்காதீர்கள், பிள்ளைகள் விழித்துக்கொள்ளும். மில் ஷிப்டு மாறும் நேரத்தில் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது.

மணி அடித்ததும் மாரி வெளியே வந்தாள். தம்பியிடம் ஓடுவாள் என்று வழிவிட்டு நின்றேன். அவள் நேராகத் தன் தோழியிடம் போனாள்.

"ஏட்டி, நாலாவது கணக்குக்கு ஒனக்கு என்ன விடை வந்துச்சு?"