யார் தலையில் சாணிக்கூடை

கீழ்வேளூர்ப் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் நான் டீச்சராக இருந்தேன். ஊரில் கூலிச் சண்டையும் குத்தகைச் சண்டையும் மாறி மாறி நடந்த காலம். அறுவடை வந்தால் போலீஸ்காரர்கள் எங்கள் வகுப்பறையில் வந்து தங்கிவிடுவார்கள். நாங்கள் புங்கமரத்தடிக்குப் போய்விடுவோம். அப்படி மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோதுதான் பிள்ளைகளுக்கென்று ஒரு தோட்டத் திட்டம் போட்டேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே போட்டேன். இன்றைக்கும் அதைச் சொன்னால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. இருக்கட்டுமே, என்ன இப்போ?

மேலே இருந்தவர்கள் குரோட்டன்ஸ் வைக்கச் சொன்னார்கள். ஆட்டுக்கும் ஆகாது, ஆளுக்கும் ஆகாது, அதை எதற்கு வைப்பது? எங்கள் வாய்க்கால் கரையில் இல்லாத செடியா? வெள்ளாடு வாய் வைக்காத ஆடாதோடை வேலிக்கு. உள்ளே நொச்சி, தூதுவளை, தும்பை; மூலையில் ஒரு புன்னை. ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகளே பெயர்ப்பலகை எழுத வேண்டும்.

முதல் நாள், "எருவுக்குச் சாணி வேணும். யாரு கொண்டாருவீங்க?" என்று கேட்டேன். கேட்டு வாய் மூடவில்லை, தெற்குத் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். மற்றவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து அவர்களைப் பார்த்தார்கள். யாரும் யாரையும் ஏவவில்லை. பண்ணைக் கொட்டிலில் காலங்காலமாகச் சாணி அள்ளியவர்களின் பிள்ளைகள், உடம்பு தானாகவே எழுந்துவிட்டது. "உட்காருங்க எல்லாரும்!" என்று கத்திவிட்டேன்.

எழுந்து நின்றவர்களில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. பள்ளியிலேயே நன்றாகப் படிப்பவள். மறுநாள் காலை அவளுடைய அம்மா, நடவுக்குப் போகிற வழியில் வந்து நின்றாள்.

"டீச்சரம்மா, எங்கப்பாவுக்குத் தண்டனைன்னு சாணியக் கரைச்சுக் குடிக்கக் குடுத்த ஊரு இது. எம்பொண்ணு தலையில சாணிக்கூடை ஏறுச்சுன்னா அன்னிக்கே நிறுத்திப்புடுவேன். படிச்சுக் கிழிச்சது போதும்."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் நிறுத்தினால் அந்தப் பெண்ணும் நடவுக்குத்தான் போவாள். சரி, இவளை மட்டும் விட்டுவிடலாம் என்றால், சாணி என்றாலே இன்ன தெரு என்பது அப்படியே நின்றுவிடும். எனவே முறை வைத்தேன். இந்த வாரம் கூடை தூக்குகிறவர் அடுத்த வாரம் பலகை எழுதுவார். விலக்கு யாருக்கும் இல்லை. முதல் கூடை பண்ணை வீட்டுப் பையனுக்கு, முதல் பலகை அந்தப் பெண்ணுக்கு.

அம்மாவிடம், "உங்க பொண்ணு முறை வர்றன்னிக்கு நீங்களே வந்து பாருங்க. பிடிக்கலேன்னா கையோட கூட்டிட்டுப் போங்க, நான் தடுக்க மாட்டேன்" என்றேன்.

அதற்குள் பண்ணை வீட்டுப் பையனின் சித்தப்பா வந்துவிட்டார். "என்னம்மா, எங்க வீட்டுப் புள்ள சாணி சுமக்குறதா? ஊரு சிரிக்காது?"

"உங்க வீட்டு மாடு போட்ட சாணிதானேங்க?"

அவர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவதாக மிரட்டிவிட்டுப் போனார். பையனோ மறுநாள் சட்டையெல்லாம் சாணியாகக் கூடையோடு வந்து நின்றான். அவனுக்கு அது ஒரே கொண்டாட்டம்.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணின் முறை. அவள் அம்மா வயலிலிருந்து அப்படியே வந்தாள், முழங்கால்வரை சேறு. புதிதாக நட்டிருந்த ஆடாதோடைக் குச்சிகளுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள். பெண் கூடையைத் தொடவில்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வாரம் இத யாரு தூக்குனா?" என்று கேட்டாள் அம்மா.

நொச்சிக்குப் பலகை எழுதிக்கொண்டிருந்த பண்ணை வீட்டுப் பையன் தலையைத் தூக்கினான். "நான்தான். கழுத்தே ஒடிஞ்சு போச்சு" என்றான்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வேலியைத் தாண்டி உள்ளே வந்து, தன் தலைத்துண்டை அவிழ்த்துச் சும்மாடாகச் சுற்றி, மகள் தலையில் வைத்தாள். கூடையையும் அவளே தூக்கி ஏற்றிவிட்டாள்.

"நடடி. அடுத்த வாரம் அவன் தூக்குவான்."