முன் சக்கரத்தில் ஒரு சிவப்புக் கோடு

சில வருடங்களுக்கு முன்பு, ஆண்டுக் கடைசி மழைக் காலத்தில், மலாக்கா புக்கிட் ரம்பாயில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் நடந்தது இது. நாங்கள் கார் சக்கரம் செய்கிறவர்கள். டயர் இல்லை, டயரை மாட்டுகிற சக்கரம். எங்கள் ஊரில் எல்லாரும் 'ரிம்' என்பார்கள். நடுவில் அலுமினியம், சுற்றிலும் கார்பன் நாரைப் பிசினில் தோய்த்து வார்த்த கறுப்பு வளையம். இரண்டையும் ஒரு விசேஷப் பசையால் ஒட்டி, ஓவனில் சுட்டு ஒன்றாக்குவோம். இரும்புச் சக்கரத்தைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். எங்களுடையதை என் அம்மா ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, இதுவா காரைத் தாங்கப்போகிறது என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

தாங்கும். ஏனென்றால் அதை வரைந்தவள் நான். இதைச் சொல்வதில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது. எங்கே தடிமன் கூட்ட வேண்டும், எங்கே கிராம் கிராமாகச் சுரண்டி எடுக்கலாம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கண் பூத்துப் போனவள் நான்தான். மாதிரிச் சக்கரங்களை இயந்திரங்களில் போட்டு வளைத்தோம், அழுத்தினோம், மேலேயிருந்து பாரத்தைப் போட்டு இடித்தோம். அசையவில்லை. அடுத்தது சாலை. புதிதாக நான்கு சக்கரம் செய்து, ஒரு காரில் மாட்டி, கோலா சுங்கை பாரு கடற்கரை வரை ஓட்டிப்போய்த் திரும்ப வேண்டும். சக்கரத்தை வாங்கப்போகிற நிறுவனத்தாரும் அன்று வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

காரை ஓட்டப்போகிறவர் எங்கள் சோதனை ஓட்டுநர். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். முன்பு எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டியவர். பக்கத்துத் தாமானில், அதாவது குடியிருப்பில், மனைவியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் இருக்கிறார். நாங்கள் எதை மாட்டிக் கொடுத்தாலும் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார். ஏறி உட்கார்ந்து ஓட்டுவார். நான் பின்னால் இன்னொரு காரில் லேப்டாப்போடு போய், சக்கரத்தில் பொருத்திய கருவிகள் அனுப்புகிற அளவுகளைப் பார்த்துக்கொண்டே வருவேன்.

முந்தின நாள் சாயங்காலம் வண்டிக்குப் பூஜை. இந்த ஏற்பாடெல்லாம் ஒட்டுப் பிரிவில் வேலை செய்யும் அக்காவுடையது. எங்கள் தொழிற்சாலையில் பசை போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை, பக்தியிலும் ஆளில்லை. நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டினார். பிறகு குனிந்து ஒவ்வொரு சக்கரத்திலும், பளபள உலோகமும் கறுப்பு வளையமும் சேரும் இடமாகப் பார்த்து, சந்தனமும் குங்குமமும் தாராளமாக வைத்தார். நான் சும்மா இருக்கமாட்டேனே. கிராம் கிராமாகக் குறைத்து வைத்திருக்கிறேன், நீங்கள் சந்தனத்தை அப்பி ஏற்றிவிடாதீர்கள் என்று கிண்டல் செய்தேன். "ஒன்னோட கம்ப்யூட்டருக்கும் ஒரு பொட்டு வெச்சு விடுறேன், வாய மூடு" என்றார் அக்கா. எங்கள் சீன மேனேஜரும் வந்து பவ்யமாக நின்றார். எந்தச் சாமியாக இருந்தாலும் வண்டி ஓடினால் சரி என்பது அவர் கொள்கை.

அண்ணன் எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பி, தொழிற்சாலை வளாகத்துக்குள்ளேயே சில சுற்று ஓட்டினார். சும்மா ஓட்டமாட்டார், வளைத்து ஒடித்துச் சட்டென்று பிரேக் போடுவார். நடுவில் தூறல் பிடித்துக்கொண்டது. குங்குமம் கரைந்து சக்கரமெல்லாம் சிவப்பாக ஒழுகியது.

மறுநாள் காலையில் காரைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். சக்கரம் வாங்க வந்தவர்கள் உள்ளே நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கிளம்புமுன் ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் குந்தி உட்கார்ந்து ஒருமுறை பார்ப்பது என் வழக்கம். முன் இடது சக்கரத்தில், உலோகமும் கறுப்பு வளையமும் சேரும் இடத்தில், முடி போல ஒரு சிவப்புக் கோடு. கட்டைவிரல் நீளம்கூட இல்லை. குங்குமக் கறை என்று நினைத்துத் துணியால் துடைத்தேன், போகவில்லை. கறை என்றால் பரவியிருக்க வேண்டும். இது கத்தியால் கீறியது போல நேராக, கூர்மையாக இருந்தது.

உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைப் பிடிக்க எங்கள் தொழிலில் ஒரு பழைய முறை உண்டு. சிவப்புச் சாயத்தைத் தடவி ஊறவிடுவோம். மேலே சுத்தமாகத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியைத் தூவுவோம். விரிசலுக்குள் இறங்கிய சாயத்தைப் பொடி உறிஞ்சி வெளியே காட்டிக்கொடுத்துவிடும். ஆய்வுக்கூடத்துக்கு ஓடிப்போய்ப் பொடி எடுத்துவர எனக்குப் பொறுமை இல்லை. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் அந்த இடத்தை நன்றாகத் துடைத்தேன். கோடு மறைந்தது. பூஜைத் தட்டு இன்னும் மேசையில்தான் இருந்தது. அதிலிருந்து ஒரு சிட்டிகை விபூதியை எடுத்துத் தூவினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிவப்பு மெல்ல மெல்ல வெள்ளையில் ஊறி வெளியே வந்தது.

அண்ணன் அதற்குள் ஏறி உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பிவிட்டார். நான் எழுந்து கதவைத் திறந்தேன்.

"எறங்குங்கண்ணே."

"என்னா தங்கச்சி?"

"எறங்குங்க. இந்த வண்டி கேட்டத் தாண்டாது."

மேனேஜர் ஓடி வந்தார். நான்கு சக்கரமும் ஒலி அலைச் சோதனையில் தேறியவைதானே, ஒரு கறையைப் பார்த்துவிட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதா என்று மலாயில் பொரிந்தார். பிறகு குரலைத் தணித்து, மெதுவாகச் சாலை முனை வரைக்குமாவது ஓட்டிக் காட்டிவிட்டு அப்புறம் பார்க்கலாம் லா என்று கெஞ்சினார். முகம் சிவந்து போயிருந்தது. அவரைச் சொல்லியும் குற்றமில்லை, மாதக்கணக்கில் காத்திருந்த நாள் அது. நான் அண்ணனை இறக்கிவிட்டு, சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டேன். இதே சக்கரத்தை இப்போதே கழற்றி, வந்தவர்கள் கண் முன்னாலேயே இயந்திரத்தில் போடுவோம், தாங்கினால் அவர்களிடம் நானே மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். அந்தச் சிவப்பைப் பார்த்தபின் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை.

சக்கரத்தை வளைத்துச் சுழற்றும் இயந்திரத்தில் பூட்டினோம். எல்லாரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றோம், அண்ணனும் நின்றார். முந்தைய மாதிரிகள் நாள் முழுக்கத் தாங்கிய இயந்திரம் அது. இது, தண்ணீர் கொதிக்கிற நேரம்கூடத் தாங்கவில்லை. 'டப்' என்று ஒரு சத்தம். கறுப்பு வளையம் தனியாக, நடு அலுமினியம் தனியாகக் கழன்று கிடந்தன. அலுமினியத்தில் பசையின் சுவடே இல்லை, கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது.

அண்ணன் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து வீட்டுக்கு போன் போட்டார். என்ன சமையல் என்று கேட்டார். அந்த மனிதர் வேலை நேரத்தில் வீட்டுக்கு போன் செய்து நான் பார்த்ததே இல்லை. நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

காரணத்தைத் தேடி நாங்கள் அலைய வேண்டியிருக்கவில்லை. அன்று மத்தியானமே அக்கா தானாக வந்து சொன்னார். அந்தச் சக்கரத்தை ஒட்டியது ஒரு வெள்ளிக்கிழமை. அலுமினியத்தைத் தேய்த்துச் சுத்தமாகத் துடைத்து முடித்தபிறகுதான் ராகு காலம் தொடங்கிவிட்டது அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. நல்ல காரியத்தை ராகு காலத்தில் செய்யக்கூடாது என்று, சுத்தமான துணியைப் போட்டு மூடிவிட்டுக் காத்திருந்தார். ராகு காலம் முடிந்தது, ஆனால் அதோடு வெள்ளிக்கிழமைத் தொழுகை இடைவேளை ஆரம்பித்துவிட்டது. ஓவன் பார்க்கும் மலாய் நண்பர் மசூதிக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வந்து வேலை தொடங்கியபோது மத்தியானம் நன்றாகச் சாய்ந்துவிட்டது. வெளியே மழை.

அலுமினியத்தைத் துடைத்த கையோடு ஒட்டிவிட வேண்டும். காத்திருந்தால் காற்றும் ஈரமும் அதன்மேல் ஒரு மெல்லிய படலமாக உட்கார்ந்துவிடும். பசை அந்தப் படலத்தைத்தான் பிடித்தது, உலோகத்தைப் பிடிக்கவில்லை. ஒலி அலைக்கு இடைவெளி இருந்தால் தெரியும், பிடிப்பு இருக்கிறதா இல்லையா என்பது தெரியாது. அதனால்தான் சோதனையில் தேறிவிட்டது. அண்ணன் போட்ட பிரேக்கில் ஓரம் லேசாக வாய் திறந்திருக்கிறது, குங்குமத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கண்டபடி கத்தியிருப்பேன். "நாலும் நல்லா இருக்கணும்னுதாம்மா காத்திருந்தேன்" என்று அக்கா சொன்னதும் அடங்கிப்போனேன். அக்கறை இல்லாமல் செய்த தவறு இல்லை அது, அக்கறை அதிகமாகிச் செய்த தவறு.

"ராகு காலம் பாக்கணும்னா தொடைக்கிறதுக்கு முன்னாடி பாருங்கக்கா. தொடைச்ச பொறகு எமனே வந்து நின்னாலும் ஒட்டி முடிச்சிட்டுதான் நிமிரணும்."

அக்கா அழுதுகொண்டே சிரித்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் தொழிற்சாலையில் வெள்ளிக்கிழமை காலையில் யாரும் அலுமினியத்தைத் துடைப்பதில்லை. அதற்குப் பிறகு மேனேஜருக்குக் குங்குமத்தின்மேல் அபார நம்பிக்கை வந்துவிட்டது, ஒவ்வொரு தடவையும் பொட்டு வைத்தாயிற்றா என்று அவரே விசாரிப்பார். அது நம் அதிர்ஷ்டம், சோதனை இல்லை என்று நான் அவரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். வளாகத்துக்குள் ஓட்டியபின் முறையான சாயச் சோதனை செய்துவிட்டுத்தான் இப்போது வண்டியை வெளியே விடுகிறோம்.

கொஞ்ச நாளில் புதிய நான்கு சக்கரம் தயாரானது. வந்தவர்கள் மறுபடி வந்தார்கள். பூஜை, சாயம், இயந்திரம் எல்லாம் முடிந்து காலையில் வண்டி வாசலில் நின்றது. அண்ணன் சாவியோடு வந்தார். ஆனால் ஏறவில்லை. திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண் காரின் முன்பக்கத்தைச் சுற்றி, இடது சக்கரத்தில் போய் நின்றது. எத்தனையோ சக்கரங்களைக் கேள்வி கேட்காமல் ஓட்டிய மனிதர் அப்படித் தயங்கி நின்றது என்னவோ போல இருந்தது.

எல்லாச் சோதனை முடிவுகளும் என் கையில் இருந்தன. எடுத்து நீட்டினால் தலையாட்டிவிட்டு ஏறியிருப்பார். எனக்கு நீட்ட மனம் வரவில்லை. லேப்டாப்பைப் பின் காரில் வரும் இன்னொரு இன்ஜினியரிடம் கொடுத்தேன். சுற்றி வந்து இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.

அண்ணன் குனிந்து என்னைப் பார்த்தார். "அந்தச் சக்கரத்துக்கு மேலதான் ஒக்காந்திருக்க தங்கச்சி."

"தெரியும்ணே. நான் செஞ்சதுதான. போலாம்."

அண்ணன் ஏறினார், ஓட்டினார். வளைவுகளில் அவர் வழக்கம்போல வளைத்து ஒடிக்க, நான் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் வந்தேன். கோலா சுங்கை பாருவில் கடல் தெரிந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தி, வீட்டுக்கு மீன் வாங்கிக்கொண்டு வந்தார். இப்போது அந்தச் சக்கரங்கள் நிறைய கார்களில் ஓடுகின்றன. ஒரு வடிவத்துக்கு ஒப்புதல் கொடுக்கும் ஒவ்வொரு முறையும், மேலே நானே ஏறி உட்காரத் துணியாத ஒரு சக்கரத்தை நம்பி வேறொரு வீட்டு மனிதரை ஏறச் சொல்ல எனக்கு உரிமையே இல்லை என்பதை எனக்கு நானே ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன்.