பக்கம் திருப்ப ஒரு கட்டைவிரல்

சலித்துப்போய்க் கிடந்த காலம் அது. திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைகிற வேலை எனக்கு. விருதுநகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஜாவா படித்தவன்தான். அந்தப் படிப்பை வைத்து எங்கள் பக்கம் யார் வேலை கொடுக்கிறார்கள்? தீபாவளி சீசன் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடையாது. சீசன் இல்லாத நாளில் கரண்ட் கிடையாது. இந்த லட்சணத்தில்தான் செல்போனில் புத்தகம் படிக்க ஒரு செயலி செய்ய உட்கார்ந்தேன்.

ஆசைப்பட்டு உட்காரவில்லை, அக்காவுக்காக உட்கார்ந்தேன். அக்கா தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்துகிற அறையில் வேலை பார்த்தாள். அந்த அறை தீப்பிடித்ததில் இரண்டு கைகளும் வெந்துபோயின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி மடங்கியிருந்தன. இடது கட்டைவிரல் மட்டும் அசைந்தது. அத்தான் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்பி வர நாளாகும் என்பதால், எங்கள் வீட்டில்தான் அவளை வைத்துப் பார்த்துக்கொண்டோம்.

அக்கா ஒரு கதைப் பைத்தியம். ஆலைக்குப் போகிற பஸ்ஸில் நெரிசலில் நின்றுகொண்டே தொடர்கதை படிப்பாள். இப்போது அவளுக்கு யாராவது பக்கம் திருப்பிவிட வேண்டும். பெரும்பாலும் அம்மாதான் திருப்பினாள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் சும்மா திருப்பிவிடுவாளா? “இப்ப என்னாச்சுடி? அந்தப் பொண்ணு புருசன் வீட்டுக்குப் போனாளா இல்லையா?” என்று கேட்டு, கதையை வாங்கிக்கொண்டுதான் அடுத்த பக்கத்துக்கு விடுவாள். சில சமயம் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிடுவாள். நான் திருப்பினால் அது வேறு கொடுமை. அவளுக்கு முன்னால் நான் படித்து முடித்து “அடச்சே” என்பேன்.

ஒரு நாள் அக்கா புத்தகத்தை முழங்கையால் தள்ளிவிட்டாள். “ஒரு கதைய ஒத்தையில இருந்து படிக்க முடியல. அழுறதா இருந்தாலும் பக்கத்துல ஒரு ஆளு. எனக்கு இனி புஸ்தகமே வேணாம்லே,” என்றாள். அதன் பிறகு சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். சோறு குறைந்தது. பேச்சு அதைவிடக் குறைந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஜாவா ஓடுகிற பட்டன் போன்களில் ஆங்கிலப் புத்தகம் படிக்க ஒரு நிரல் எழுதி, மூலநிரலோடு இலவசமாக இணையத்தில் விட்டிருந்தார். யாரும் எடுத்துத் திருத்தலாம். திருத்தியதை நாமும் அப்படியே திறந்து கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. எடுத்தேன். பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய தமிழ்க் கதை ஒன்றை அதில் ஏற்றி என் போனில் திறந்தால், திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. அந்தப் போனுக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வோர் எழுத்தையும் குட்டிப் படமாக வரைந்து உள்ளே வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. காலையில் அச்சகம் தொடங்குவதற்கு முன்பே போய் உட்கார்ந்து வரைந்தேன். பாதியில் கரண்ட் போகும். சேமிக்காதது போனால் போனதுதான். கண் எரிந்தது, இடுப்பு விட்டுப்போனது. அச்சகத்தில் பிளேட் போடுகிற அண்ணாச்சி, “ஓசியில குடுக்கிறதுக்கா இம்புட்டு மெனக்கெடுற? ஒனக்குக் கிறுக்கு முத்திப்போச்சுலே,” என்றார். எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

லேபிள் வரைகிறவன் புத்தி எங்கே போகும்? எங்கள் தொழிலில் லேபிளின் ஒரு மூலை சும்மா கிடந்தாலும் ஆர்டர் கொடுத்த பார்ட்டி திருப்பி அனுப்பிவிடுவார். மயிலோ நட்சத்திரமோ, எதையாவது வைத்து அடைக்க வேண்டும். அதே கையோடு அந்தத் துக்கடா திரையையும் வரைந்துவிட்டேன். சுற்றிலும் சிவப்பும் மஞ்சளுமாக பார்டர். மேலே தங்க நிறத்தில் தலைப்பு. இரண்டு பக்கமும் தீப்பொறி பறந்தது. மிச்ச இடத்தில் கதை மூன்று வரி தெரிந்தது. காலண்டர் அட்டையை வெட்டி ஒரு தாங்கி செய்து, அதில் போனை ரப்பர் பேண்டு போட்டு நிறுத்தி அக்காவுக்கு முன்னால் வைத்தேன்.

“லேபிள் நல்லாத்தான் இருக்கு. சரக்கு எங்கனலே?” என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “அந்தப் பொறிய மொதல்ல எடு,” என்றாள்.

இத்தனை நாள் அதை வரைந்தபோது ஒரு தடவைகூட எனக்கு அது உறைக்கவில்லை. எல்லாவற்றையும் அழித்தேன். வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து மட்டும் மிஞ்சியது. அச்சகத்தில் அப்படி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் சீட்டைக் கிழித்திருப்பார்கள்.

அடுத்து, கையே வேண்டாம் என்று வரிகள் தானாக மேலே நகர்கிற மாதிரி செய்தேன். பெரிய சாதனை என்று நினைப்பு. அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “இது ஓடுற ஓட்டத்துக்கு நான் ஓடணுமா? நல்ல இடம் வந்தா நான் அங்கனயே நிப்பேன். வெரலு ஒண்ணு மிச்சம் இருக்குல்ல, அதுக்கு வேல குடு.”

கொடுத்தேன். அதுவும் லேசில் நடக்கவில்லை. தோல் இறுகிய கட்டைவிரல் ஒரு பட்டனைக் குறிவைத்தால் இரண்டு பட்டன் அமுங்கியது. மெனு திறந்தது, கதை காணாமல் போனது. கடைசியில் மெனுவையே தூக்கிவிட்டேன். எண் பட்டன்களில் எது அமுங்கினாலும் அடுத்த பக்கம். மேலே உள்ள பட்டன்கள் எல்லாம் முந்தின பக்கம். இரண்டு சேர்ந்து அமுங்கினாலும் ஒரு பக்கம்தான் நகரும். நிபந்தனைப்படி மூலநிரலை இணையத்தில் ஏற்றினேன். யாராவது எடுத்துக்கொள்ளட்டும், எனக்கு அதற்குமேல் தெம்பில்லை.

ஒரு மத்தியானம் போனை அவளுக்கு முன்னால் நிறுத்தினேன். கட்டைவிரலை இழுத்து வைத்து அமுக்கினாள். பக்கம் மாறியது. இன்னொரு தடவை அமுக்கினாள். பிறகு, “நீ போ. கதவச் சாத்திட்டுப் போ,” என்றாள்.

நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போவாள்? கடுப்போடு அடுப்படியில் வந்து உட்கார்ந்தேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. அம்மா கை அப்படியே நின்றது.

“எதுக்குச் சிரிக்கிறாள்னு கேளு,” என்றாள்.

“அக்கா, கதையில என்னாச்சு?” என்று இங்கிருந்தே கேட்டேன்.

“ஒங்களுக்கு எதுக்கு அது? சோலியப் பாருங்க,” என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

எனக்குச் சுருக்கென்றது. அம்மாவுக்கும் கோபம் வரும் என்று பார்த்தேன். அவள் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒங்க அக்கா பொழைச்சுக்கிட்டாய்யா,” என்றாள்.